ஒருமுறை கொடுத்தவர் ஏன் திரும்பி வரவில்லை? – என் அனுபவம்

இலங்கையில் ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் நடத்திய முதல் ரத்ததான முகாமுக்கு நல்ல கூட்டம். அடுத்ததற்குப் பாதிகூட வரவில்லை. ஊசிப் பயம் என்றே நினைத்திருந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்க் கேட்டபிறகுதான் விளங்கியது.

"ரத்தம் குடுத்துட்டு மறுநாள் மலை ஏற ஏலுமா தம்பி? கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர்தானே போடுவாங்க" என்றார் ஓர் அக்கா. அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். நியாயம்தான்.

அதைவிடப் பெரிய தப்பு எங்களுடையது. ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் இரும்புச்சத்துள்ள புரதம்) டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே என்று திருப்பி அனுப்பியவர்களுக்கு ஒரு வார்த்தை விளக்கவில்லை. "என் ரத்தம் சரியில்லையாம்" என்று வெட்கப்பட்டு ஒதுங்கிவிட்டார்கள்.

முகாமைச் சனி பின்னேரத்துக்கு மாற்றினோம், மறுநாள் ஓய்வு. எடுப்பது 450 மில்லிலீட்டர், நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணுக்களுக்குச் சில வாரம் வேண்டும், அதற்குத்தான் நான்கு மாத இடைவெளி என்று சொன்னோம். ஹீமோகுளோபின் குறைந்தவர்களை கிளினிக்குக்கு அனுப்பினோம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள் என்றேன். (தேயிலைத் தோட்டத்தில் நின்று இதைச் சொல்லி வாங்கிய கிண்டல் தனி.)

இப்போது கொப்பியில் திகதி குறித்துவைத்து, நான்கு மாதம் முடிந்ததும் நானே போன் எடுக்கிறேன். போனமுறை அந்த அக்கா நாத்தனாரையும் கூட்டிவந்தார்.