சரக்குப் போக்குவரத்துத் தரவுத்தளம்: கொழும்பில் சறுக்கும் இடங்கள்

2019இல் கொழும்புத் துறைமுகம் கையாண்டது ஏறத்தாழ 72 இலட்சம் டி.ஈ.யூ., அதாவது இருபது அடிப் பெட்டிக் கணக்கு. முதன்முதலில் தரவுத்தளம் கட்ட உட்கார்ந்தபோது இந்த எண்ணை அப்படியே எடுத்து, பெட்டிக்கு இத்தனை தொன் என்று பெருக்கி, 'வீதியில் ஓடும் சரக்கு' என்ற நிரலில் போட்டவன் நான். அத்தனையும் ரோட்டுக்கு வந்திருந்தால் களனிப் பாலம் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

அதில் ஏறத்தாழ 80 வீதம் மீள்கப்பலேற்றல். ஒரு கப்பலில் இருந்து இறங்கி, முற்றத்தில் கிடந்து, அடுத்த கப்பலில் ஏறிப் போய்விடும் பெட்டிகள். இறக்கும்போது ஒன்று, ஏற்றும்போது ஒன்று என்று அதே பெட்டி இரண்டு முறை எண்ணப்படும். வெறும் பெட்டிகளுக்கும் எண்ணிக்கையில் இடம் உண்டு. துறைமுகத்தில் பிழை இல்லை. கிரேன் செய்த வேலையை அது எண்ணுகிறது. நாட்டுக்குள் வந்த சரக்கு வேண்டுமென்றால் இறக்குமதி, ஏற்றுமதி நிரல்களைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும்.

சரி, சுங்கத் தரவுக்குப் போகலாமா? எடை அங்கே நன்றாகவே கிடைக்கும். பொதியோடு சேர்ந்த மொத்த எடையையும் சரக்கின் நிகர எடையையும் கலக்காமல் இருந்தால் போதும். சிக்கல் முகவரியில். இறக்குமதியாளரின் விலாசம் கொழும்பு 11, அதாவது புறக்கோட்டை, என்றிருக்கும். அவர் கொண்டுவந்த அவுஸ்திரேலியப் பருப்பு மட்டக்களப்பில் கறியாகும். விலாசத்தைச் சேருமிடமாக எடுத்தால், நாட்டின் பருப்பையெல்லாம் புறக்கோட்டையே தின்று தீர்த்ததாகக் கணக்கு வரும்.

லொறிகளின் எண்ணிக்கைக்கு எல்லோரும் ஓடுவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவுத் தொகைக்கு. அது ஆண்டாண்டாகக் கூடிக்கொண்டே வந்த தொகை. பழைய இரும்புக்குப் போன லொறியும் அதில் இன்னும் 'ஓடிக்கொண்டிருக்கும்'. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வருமான அனுமதிப்பத்திரங்களின் எண்ணிக்கைதான் உண்மைக்குக் கிட்ட வரும். ஆளையும் சாமானையும் சேர்த்து ஏற்றும் இரட்டைப் பயன்பாட்டு வாகனங்களை எந்தப் பக்கம் வைப்பது என்பதையும் முதலிலேயே முடிவுசெய்து எழுதி வையுங்கள். இன்னொன்று: 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் முழுதாகத் திறந்தது. இடையில் புதிய பதிவுகள் சரிந்ததைப் பார்த்துச் சரக்கும் அவ்வளவு சரிந்தது என்று வரைபடம் போடக் கூடாது.

ரயில் தரவு சுத்தமானது, தொன்-கிலோமீற்றரே (எடையை ஓடிய தூரத்தால் பெருக்கிய கணக்கு) கிடைக்கும். ஆனால் மொத்தச் சரக்கில் ரயிலின் பங்கு மிகச் சிறியது. திருகோணமலையிலிருந்து ரயிலில் வரும் கோதுமை மா அப்புறம் லொறியில் ஏறும் என்பதால், தொன்னை மட்டும் கூட்டினால் அது இரண்டு தடவை வரும். தொன்-கிலோமீற்றரில் அந்தத் தொல்லை இல்லை. எண்ணெயும் அப்படித்தான்: துறைமுகத்திலிருந்து கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்துக்குக் குழாயில் போகிறது, பவுசர் கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மீதி எல்லாம், அதாவது பெரும்பகுதி, லொறியில். அதற்கென்று யாரும் நாள்தோறும் ஏடு வைத்திருப்பதில்லை. டீசல் விற்பனையை வைத்து ஊகிப்பவர்கள் உண்டு. பஸ்ஸும் ஜெனரேட்டரும் அதே டீசலைத்தான் குடிக்கின்றன. நான் இப்போது செய்வது மாலையில் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் போய் நிற்பது. யாழ்ப்பாணம் போகும் லொறியின் பில் புத்தகத்தைக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். அதில் கிலோ இருக்காது, மூட்டைதான் இருக்கும். சீனி மூட்டை என்றால் 50 கிலோ. அதைவிடப் பருத்த செத்தல் மிளகாய் மூட்டையை நாட்டாமி இலேசாகத் தூக்கிப் போடுவார். எனவே மூட்டைக்கு ஒரே எடை வைக்காமல், சாமானுக்குச் சாமான் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லொறி திரும்பி வரும்போது என்ன ஏற்றும் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். வெறுமனே வருகிறது என்றால், அதுவும் ஒரு பதிவுதான்.