அயல்நாட்டில் வங்காளிச் சங்கம்: துர்கா பூஜையும் எழுத்து வகுப்பும் நடத்துவது எப்படி

வட அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வங்காளிச் சங்கம் ஒன்று தொடங்கினால், முதலில் கையில் எடுப்பது துர்கா பூஜையைத்தான். கொல்கத்தாவில் சஷ்டி முதல் தசமி வரை ஐந்து நாள் நடப்பது, வேலையும் பள்ளியும் விடாத ஊரில் ஒரு வார இறுதிக்குள் அடங்க வேண்டும். வெள்ளி மாலை தேவியை எழுப்பும் ‘போதன்’ சடங்கு, சனிக்கிழமை சப்தமியும் அஷ்டமியும், ஞாயிறு நவமியும் தசமியும் என்று பிரித்துக்கொள்ளலாம். பஞ்சாங்கத் தேதி தள்ளிப்போகிறதே என்று தயங்க வேண்டாம். பிள்ளைகள் வரமுடியாத நாளில் சரியான திதியில் நடத்துவதைவிட, அவர்கள் வரும் நாளில் நடத்துவதே மேல்.

மண்டபத்தை ஓராண்டு முன்பே பதிவு செய்யுங்கள். கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியது வாடகை மட்டுமல்ல: எண்ணெய் விளக்கு ஏற்றலாமா, ஹோமம் செய்யலாமா, சமையலறையில் பெரிய அடுப்பு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் சிக்கல் வருவது துனுச்சியால்தான். மண் தூபக்காலில் தேங்காய் நார்க் கனல் மேல் குங்கிலியம் தூவி ஆடும் ஆட்டம் அது. புகை எழுந்ததும் அலாரம் அடிக்கும், மண்டபம் காலியாகும், தீயணைப்பு வண்டி வந்து நிற்கும், அடுத்த ஆண்டு மண்டபம் கிடைக்காது. புகை உணரியை நெகிழித்தாளால் மூடுவது பல ஊர்களில் குற்றம், ஆபத்தும்கூட. துனுச்சி ஆட்டத்தை வாகன நிறுத்தத்தில், அனுமதியோடு, தீயணைப்பான் பக்கத்தில் வைத்து நடத்துங்கள். அஷ்டமியும் நவமியும் சந்திக்கும் நேரத்துச் சந்தி பூஜையின் 108 தீபங்களுக்கு உள்ளே மின்கல விளக்குகள், நடுவே ஒரே ஒரு நெய் விளக்கு போதும்.

சிலை கொல்கத்தாவில் சிலை செய்வோர் வாழும் குமார்துலியில் வாங்குவது வழக்கம். வைக்கோலும் மண்ணும் சேர்ந்த சிலை கப்பலில் விரிசல் விடும், பல நாடுகளில் மண், தாவரத் தடைகளிலும் சிக்கும். ஆகவே ஃபைபர் கிளாஸ். துர்கை, லட்சுமி, சரஸ்வதி, கணேசர், கார்த்திக் (நம் முருகன்) எல்லாரும் ஒரே சட்டத்தில் நிற்கும் ‘ஏக்சாலா’ பார்க்க அழகுதான், ஆனால் கதவுக்குள் நுழையாது. மண்டபக் கதவையும் கிடங்குக் கதவையும் அளந்துவிட்டுத் தனித்தனிச் சிலையாகச் சொல்லுங்கள். சிலையைக் கரைக்க வேண்டியதில்லை. நீர்ப் பாத்திரத்தின் மேல் கண்ணாடியில் தேவியின் உருவம் காட்டி விடைகொடுக்கும் முறை மரபிலேயே இருக்கிறது.

‘போக்’ எனப்படும் படையலுக்குக் கிச்சுரி, அதாவது அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்த சோறு. 100 பேருக்குக் கோபிந்தபோக் அரிசி 4 கிலோ, பாசிப்பருப்பு 4 கிலோ, தண்ணீர் 35 லிட்டர். அந்த அரிசி கிடைக்காத ஊரில் தமிழ்க் கடையின் சீரகச் சம்பா நன்றாகப் பொருந்தும். பாஸ்மதி வேண்டாம், குழையாது. பருப்பைப் பொன்னிறமாக வறுத்த பிறகே கழுவுங்கள். அது பாதி வெந்ததும் அரிசியைப் போடுங்கள், சேர்த்துப் போட்டால் அரிசி கரைந்து பருப்பு கடுக்கென்று நிற்கும். இஞ்சி, சீரகம், பிரியாணி இலை உண்டு. வெங்காயம், பூண்டு கிடையாது. ஒரே பெரிய அண்டாவில் வைத்தால் அடிப்பிடித்து எல்லாமே தீய்ந்த வாடை அடிக்கும், இரண்டு 30 லிட்டர் பாத்திரங்களாகப் பிரியுங்கள். நெய்யும் கரம் மசாலாவும் கடைசியில். பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது. நேரமாக ஆக இறுகும், 5 லிட்டர் கொதிநீர் கைவசம் இருக்கட்டும்.

இவ்வளவையும் பெரியவர்களே செய்துமுடித்தால், பிள்ளைகளுக்கு அது சாப்பாட்டோடு கூடிய வேடிக்கைதான். அரிசிமாவுக் கரைசலில் ‘ஆல்பனா’ கோலம் வரைவது, பூவும் தீபமும் 108 எண்ணி அடுக்குவது அவர்கள் வேலையாகட்டும். நாடகம் போட்டால் வசனத்தை ரோமன் எழுத்தில் கொடுக்காதீர்கள். கொடுத்தால் வங்க எழுத்தை யாரும் தொடமாட்டார்கள். வங்க எழுத்துப் பிரதியும் ஒலிப்பதிவும் பத்து வாரம் முன்பே கையில் கொடுங்கள்.

எழுத்து வகுப்பு வாரம் ஒன்றரை மணி நேரம் நடந்தால் போதும், ஆனால் விடாமல் நடக்க வேண்டும். பிள்ளைகள் நின்றுவிடுவது ‘ஜுக்தாக்கர்’ என்னும் கூட்டெழுத்தில். எழுதுவது ‘லக்ஷ்மீ’, படிப்பது ‘லொக்கி’ என்பதால் குழம்புவார்கள். பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்லாமல், வாரம் நான்கு கூட்டெழுத்தை அவர்கள் வாயில் புழங்கும் சொற்களிலிருந்து எடுங்கள். புதிதாக வரும் குழந்தைக்கு, வங்கத்தில் வசந்த பஞ்சமியில் வரும் சரஸ்வதி பூஜையன்று சிலேட்டில் ‘ஹாத்தே கொரி’. நம் விஜயதசமி ஏடு தொடக்கல் போன்றதே அது.

பூஜையோடு நின்றால் சங்கம் பாதி வங்கத்துக்கே உரியதாகும். முஸ்லிம் வங்காளிகளையும் சேர்க்க வங்கப் புத்தாண்டான பொஹேலா போய்ஷாக்கும் பிப்ரவரி 21-உம் வேண்டும். புத்தாண்டு வங்கதேசத்தில் ஏப்ரல் 14, மேற்கு வங்கத்தில் பெரும்பாலும் 15. பொதுவான வார இறுதியைத் தேர்ந்தால் சண்டையில்லை. 1952-இல் டாக்காவில் மொழிக்காக உயிர்விட்டவர்களின் நாள் பிப்ரவரி 21. அதை உலகத் தாய்மொழி நாளாக்கக் கோரி ஐ.நா.வுக்கு 1998-இல் எழுதியவர்கள் வான்கூவரில் குடியேறிய வங்காளிகள். யுனெஸ்கோ 1999-இல் ஏற்றது. இதை வகுப்பில் சொல்லிக்கொடுங்கள்.

ஞாயிறு இரவு பெட்டி கட்டும்போது தேவியின் பத்துக் கை ஆயுதங்களும் தனிப் பையில், எது எந்தக் கையில் என்ற புகைப்படத்தோடு போகட்டும். மறு ஆண்டு முதலில் தேடுவது அதைத்தான்.