முகத்தைத் தமிழ் பேசவைப்பது எப்படி

3டி முகம் ஒன்றைச் செய்துவிட்டீர்கள், அசையாமல் இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கிறது, வாயைத் திறந்ததும் பொம்மலாட்டம் ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காக இது. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளை வைத்துச் சொல்கிறேன்.

உத்தி பழையது. 1972இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் பார்க், முகத்தின் இரண்டு பாவங்களைப் புள்ளிகளாகப் பதிந்து, நடுவில் வருவதைக் கணினியே கணக்கிடும்படி செய்தார். பிளெண்டரில் மாடலின் ஒரு வடிவத்தைப் பதிந்து வைக்கும் ஷேப் கீயும் அதேதான். முதல் ஷேப் கீ இயல்பான முகம். அடுத்ததைச் சேர்த்து, எடிட் மோடில் புள்ளிகளை நகர்த்தி வாயைத் திறந்து வையுங்கள். பிறகு 0 முதல் 1 வரை ஸ்லைடரை இழுத்தால் வாய் திறக்கும். மதிப்பின் மேல் மவுஸை வைத்து I விசையை அழுத்தினால் கீஃபிரேம் விழும், அதாவது அந்த பிரேமில் அந்த மதிப்பு பதிவாகும்.

பாதி முகத்தை மட்டும் செய்து, மறுபாதியைக் கண்ணாடி பிம்பமாக வரவைக்கும் மிரர் மாடிஃபையரைப் பயன்படுத்தியிருந்தால், ஆரம்பிக்கும் முன் அதை அப்ளை செய்து நிரந்தரமாக்கிவிடுங்கள். ஷேப் கீ வந்தபின் பிளெண்டர் அதை அப்ளை செய்ய விடாது. நான் பாதி முகத்தை வைத்துக்கொண்டு எல்லா ஷேப்பையும் செய்துவிட்டு, ஒற்றைப் புருவத்தைத் தூக்க வழியில்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

'சிரிப்பு', 'கோபம்' என்று முழுப் பாவங்களாகச் செய்யாதீர்கள். எக்மன், ஃப்ரீசன் என்ற உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட ஃபேக்ஸ் (FACS) முறை முகத்தை எண்ணிட்ட தசை அசைவுகளாகப் பிரிக்கிறது, அதைப் பின்பற்றுங்கள். உதட்டோரம் உயர்வது 12ஆம் எண், கன்னம் உயர்ந்து கண் சுருங்குவது 6ஆம் எண். 12 மட்டும் போட்டால் கடமைக்குச் சிரிக்கிற முகம், கூட 6 சேர்ந்தால் மனசார.

வாய்க்கு ஐந்து வடிவங்கள் போதும் என்பது என் கட்சி: ஆ, ஈ, குவிந்த ஊ, ப-ம வுக்கு மூடிய உதடு, வ வுக்கு மேல்பல்லைத் தொடும் கீழுதடு. ல, ள, ழ எல்லாம் நாக்கின் வேலை, வெளியே பெரிதாகத் தெரியாது, விட்டுவிடுங்கள். உதடு மூடுவதை மட்டும் விடவே கூடாது, 'பாப்பா' என்று குரல் கேட்கும்போது வாய் பிளந்திருந்தால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். நொடிக்கு 24 பிரேம் என்றால் 'மாமா'வின் நடு ம வுக்கு 2 பிரேம் மூடுகிறேன், 'அம்மா'வுக்கு 4. அப்புறம், வசனத் தாளைப் பார்த்துச் செய்யாதீர்கள், குரலைக் கேட்டுச் செய்யுங்கள். பேச்சில் 'மரம்' என்பதன் கடைசி ம் பெரும்பாலும் மூக்கொலியாகக் கரைந்துவிடும், உதடு மூடாது. தாளை நம்பி மூடினால் செய்தி வாசிப்பவர் மாதிரி இருக்கும். வாய் அசைவு ஒலிக்கு ஒன்றிரண்டு பிரேம் முந்தி வரட்டும்.

கண் இமைக்குத் தனித் தொல்லை உண்டு. ஷேப் கீயில் ஒவ்வொரு புள்ளியும் நேர்கோட்டில்தான் போகும், ஆனால் இமை வளைந்த விழியின் மேல் இறங்க வேண்டும், அதனால் பாதி மூடும்போது விழி இமையைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரியும். பாதி மூடிய நிலைக்கென்று இன்னொரு திருத்த ஷேப் செய்து, நடுவில் மட்டும் அது ஏறி இறங்கும்படி வைத்தால் சரியாகிவிடும். தாடையை ஷேப் கீக்குப் பதில் பிளெண்டரின் எலும்பு (bone) போட்டுச் சுழற்றுவதும் இதே காரணத்தால்தான்.

இவ்வளவு கைவேலை வேண்டாம் என்றால், ஃபேஸ் ஐடி உள்ள ஐபோன் இருந்தால் ஆப்பிளின் ஏஆர்கிட் (ARKit) முக அசைவைப் பதியப் பயன்படுத்தும் 52 வடிவங்களை அதே பெயரில் ஷேப் கீகளாகச் செய்துவிட்டு, ஒரு கேப்சர் செயலியால் உங்கள் முகத்தையே பதிந்து ஏற்றலாம். நேரம் நிறைய மிச்சம், ஆனால் ப, ம வரும் இடங்களில் உதடு பல சமயம் ஒரு நூலிழை திறந்தே நிற்கும். அங்கே மட்டும் கையால் மூடிவிடுங்கள்.