உப்பு நிலத்தடி நீரில் இறாலா? முதலில் பொட்டாசியத்தைப் பாருங்கள்

ஹரியானாவின் ரோத்தக், சிர்சா பக்கம் உப்பேறிப்போன நிலங்களில் குளம் வெட்டி வனாமி இறால் வளர்க்கிறார்கள். போர் தண்ணீரில் உப்பு அளவு சரியாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துக் குஞ்சு விடாதீர்கள். நிலத்தடி உப்புநீரில் பெரும்பாலும் பொட்டாசியம் மிகக் குறைவு. அப்படியே விட்டால் ஓடு மெலிந்து, தோல் உரிக்கும் சமயத்தில் இறால் வால் சுருண்டு செத்துப்போகும்.

கணக்கு எளிது. உப்பின் அளவை (பி.பி.டி., அதாவது ஆயிரத்தில் எத்தனை பங்கு உப்பு) 10.7-ஆல் பெருக்குங்கள், அதே உப்பளவுள்ள கடல்நீரில் இருக்கும் பொட்டாசியம், லிட்டருக்கு மில்லிகிராமில், அதுதான்; உங்கள் குளத்து நீரும் அதை எட்ட வேண்டும். 10 பி.பி.டி. என்றால் 107. ஆய்வு அறிக்கையில் 47 என்று வந்தால், 60 குறைகிறது. உரக்கடையில் கிடைக்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் ஏறக்குறைய பாதிதான் பொட்டாசியம். 1,000 கன மீட்டர் தண்ணீருக்கு 60 கிலோ பொட்டாசியம் வேண்டும், எனவே இந்த உரம் சுமார் 120 கிலோ. தண்ணீரில் கரைத்து, சில நாட்களாகப் பிரித்து ஊற்றுங்கள்.

களிமண் தரை பொட்டாசியத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் வளர்ப்புக் காலத்திலும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். அப்புறம், முழுக் குஞ்சையும் இறக்கும் முன் கொஞ்சத்தை மட்டும் அந்தக் குளத்து நீரிலேயே வலைப்பையில் விட்டு இரண்டு நாள் பாருங்கள். செலவில்லாத இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கவே கூடாது.