தோட்டத்துக் கிண்ணம் நடத்தப் போகிறீர்களா? முதலில் 1872-க்கு ஒரு நடை போய் வாருங்கள்

போன வருடம் தொழிலாளர் தினத்தன்று மலேசியாவில், எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் திடலில் எழுவர் காற்பந்துப் போட்டி நடத்தினோம். காலை 8 மணிக்கு ஆரம்பித்தது, இரவு 8 மணிக்கு நாலு மோட்டார் சைக்கிள் விளக்கு வெளிச்சத்தில் இறுதியாட்டம் ஆடினார்கள், கிண்ணம் உண்மையில் யாருக்குப் போயிருக்க வேண்டும் என்ற பஞ்சாயத்து இன்னும் சாப்பாட்டுக் கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்தேன், அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அதற்கப்புறம்தான் உலகத்திலேயே பழைய தேசியக் காற்பந்து நாக்-அவுட் (தோற்றால் வெளியே) போட்டியான இங்கிலாந்து எஃப்.ஏ. (காற்பந்துச் சங்க) கிண்ணத்தின் கதையை உட்கார்ந்து படித்தேன். நாங்கள் ஒரே நாளில் செய்த தப்புகளை அவர்கள் நூற்றைம்பது வருடத்தில் நிதானமாக, ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு தப்புக்கும் பிறகு ஒரு விதி வந்திருக்கிறது. அந்த விதிகளை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் கணக்கு. ஏன் லீக் (எல்லாரும் எல்லாரோடும் ஆடுவது) வேண்டாம், நாக்-அவுட் போதும்? 13 குழுக்கள் பெயர் கொடுத்தால் லீக் முறையில் 78 ஆட்டம் ஆட வேண்டும். நாக்-அவுட்டில் 12 தான். எத்தனை குழு வந்தாலும் அதில் ஒன்றைக் கழித்தால் ஆட்ட எண்ணிக்கை, ஏனென்றால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு குழு வீட்டுக்குப் போகிறது, கடைசியில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. ஒரு ஆட்டத்துக்குப் பாதிக்கு 10 நிமிடம், இடைவேளை, அடுத்த குழு இறங்கும் நேரம் எல்லாம் சேர்த்து அரை மணி என்று வைத்தால் 12 ஆட்டத்துக்கு 6 மணி நேரம். காலை 8 மணிக்குத் தொடங்கினால் 2 மணிக்கு முடியும், சாயங்கால மழைக்கு முன்னால் எல்லாரும் வீடு போய்ச் சேரலாம். நாங்கள் அன்றைக்குக் காலை 10 மணி வரை பெயர் வாங்கிக்கொண்டிருந்தோம். அதைச் செய்யாதீர்கள். ஒரு வாரத்துக்கு முன்னாலேயே கதவைச் சாத்திவிடுங்கள்.

இந்த "தோற்றால் வெளியே" யோசனையைத் தேசிய அளவுக்குக் கொண்டுபோனவர் சார்ல்ஸ் அல்காக். இங்கிலாந்து காற்பந்துச் சங்கத்தின் செயலாளர். அவர் படித்த ஹேரோ பள்ளியில் விடுதிக்கு விடுதி இப்படி ஆடுவார்களாம், நம்மூரில் மேல் லயமும் கீழ் லயமும் மோதுவது போல. 1871 ஜூலையில் அதையே நாடு முழுக்க நடத்தலாம் என்று சொன்னார், 15 குழுக்கள் சேர்ந்தன, 1872 மார்ச் 16 அன்று லண்டன் கென்னிங்டன் ஓவல் திடலில் இறுதியாட்டம். வாண்டரர்ஸ் குழு ராயல் எஞ்சினியர்ஸ் என்ற ராணுவக் குழுவை 1-0 என்று வென்றது. வாண்டரர்ஸ் கேப்டன் யார் தெரியுமா? அதே அல்காக். போட்டியை யோசித்தவரே விளையாடி, வென்று, கிண்ணத்தையும் கொண்டு போனார். இதை நம் தோட்டத்தில் செய்து பாருங்கள், அடி விழும். ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர் ஆடக் கூடாது என்று முதலிலேயே எழுதி வையுங்கள். ஆடியே தீருவேன் என்கிறவர் ஏற்பாட்டுக் குழுவிலிருந்து விலகட்டும்.

சரி, குலுக்கல். குழு எண்ணிக்கை 4, 8, 16 என்று கச்சிதமாக வருவது அபூர்வம். 13 வந்தால் 16-க்கு 3 குறைகிறது, அந்த 3 பேருக்கு "பை", அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்று. மீதி 10 குழுக்கள் 5 ஆட்டம் ஆடி 5 பேர் மேலே வர, 3 சேர்ந்து 8. அதற்கு மேல் தொல்லை இல்லை. ஆனால் பை யாருக்கு என்பதும் டப்பாவுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். "அவர்கள் தூரத்திலிருந்து வருகிறார்கள், பாவம்" என்று கையால் தூக்கிக் கொடுத்தால் அங்கேயே சண்டை ஆரம்பம். முதல் எஃப்.ஏ. கிண்ணத்தில் கிளாஸ்கோவின் குவீன்ஸ் பார்க் குழுவுக்குத் தூரத்தைப் பார்த்துச் சலுகை காட்டினார்கள், அது ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அரையிறுதிக்கு வந்து நின்றது! அங்கே வாண்டரர்ஸோடு சமன். மறுபடி லண்டன் வந்து ஆட அவர்களிடம் காசு இல்லை, விலகிக்கொண்டார்கள். வாண்டரர்ஸ் சும்மாவே இறுதிக்குப் போனது. அடுத்த வருடம் இன்னும் மோசம், நடப்பு வெற்றியாளர் என்பதற்காக வாண்டரர்ஸை நேரே இறுதியாட்டத்தில் வைத்தார்கள். அந்த வழக்கம் அந்த ஒரு முறையோடு செத்தது. போன வருடம் ஜெயித்த குழு உங்களிடம் வந்து "நாங்க சாம்பியன், அரையிறுதியிலிருந்து ஆடறோம்" என்றால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

பெரிய குழுக்களை ஆளுக்கு ஒரு மூலையில் பிரித்து வைப்பதும் வேண்டாம். ஸ்பான்சர் கொடுத்தவர் அதைத்தான் கேட்பார், "நல்ல டீம் ரெண்டும் பைனல்ல மோதணும்பா" என்பார். மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பெயர்களை ஒரே டப்பாவில் போடுங்கள். இங்கிலாந்தில் மேல் இரண்டு லீக் குழுக்கள் மூன்றாம் சுற்றில்தான் உள்ளே வருகின்றன, ஆனால் வந்த பிறகு பெரியவன் சின்னவன் பிரிவினை இல்லை. அதனால்தான் 1972-இல் ஹெர்ஃபோர்டு என்ற, லீக்கிலேயே இல்லாத சின்ன ஊர்க் குழு, முதல் டிவிஷனில் இருந்த நியூகாசலைச் சேற்றுத் திடலில் 2-1 என்று வீழ்த்தியது. ரோனி ராட்ஃபோர்டு தூரத்திலிருந்து அடித்த அந்த கோலை இன்றைக்கும் போட்டுப் பார்க்கலாம், சேறு எப்படி இருக்கும் தெரியுமா, மழைக்கு மறுநாள் நம் செம்பனைத் தோட்டப் பாதை மாதிரியே. 1988-இல் விம்பிள்டன் என்ற சின்னக் குழு பெரிய லிவர்பூலை இறுதியாட்டத்தில் 1-0 என்று கவிழ்த்ததும் இதே வகைதான். பதினைந்து வயதுப் பையன்களை வைத்து ஒப்பேற்றிய ஒரு தோட்டக் குழு, ஜெர்சி, பூட்ஸ், கோச் எல்லாம் வைத்திருக்கும் டவுன் குழுவை முதல் சுற்றிலேயே சந்திக்கலாம் என்பதற்காகத்தான் சனங்கள் காலையிலேயே பாயோடு திடலுக்கு வருகிறார்கள்.

அடுத்து ஆள் மாறாட்டம். எங்கள் சண்டையின் மூலமே இதுதான். காலையில் ஒரு குழுவுக்கு ஆடித் தோற்ற பையன் மத்தியானம் வேறு ஜெர்சியில் இன்னொரு குழுவுக்கு இறங்கி, அரையிறுதியில் கோலும் போட்டுவிட்டான். இதுவும் புதுசு இல்லை. 1872 இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் பெயர் "ஏ. எச். செக்கர்" என்று பதிவாகியிருக்கிறது. அப்படி ஒரு ஆளே கிடையாது, அவர் மோர்ட்டன் பெட்ஸ். ஹேரோ செக்கர்ஸ் என்ற வேறு குழுவோடு தொடர்புள்ளவர், அந்தக் குழு முதல் சுற்றில் வாண்டரர்ஸுக்கு எதிராக வராமலே விலகியது. அந்தக் காலத்துக் கனவான்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். நம்மவர்கள் சிரிக்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு குழுவும் பத்துப் பெயரும் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் கொடுக்கட்டும், ஒரு குழுவுக்கு ஒரு நிமிடம் ஆடினாலும் அன்றைக்கு அவன் அந்தக் குழுவுக்குத்தான். ஆட்டத்துக்கு முன் ஐ.சி.யைப் பார்த்து டிக் போட, பள்ளிக்கூடத்து ஆசிரியர் யாராவது கிடைத்தால் நல்லது, அவரிடம் பையன்கள் குரல் உயர்த்த மாட்டார்கள்.

மாற்று ஆட்டக்காரரைத் தாராளமாக அனுமதியுங்கள். அந்த முதல் இறுதியில் ராயல் எஞ்சினியர்ஸின் கிரெஸ்வெல் என்பவருக்கு ஆரம்பத்திலேயே காறை எலும்பு முறிந்தது, மாற்று ஆள் கிடையாது, கடைசி வரை நின்றார். 1956-இல் மான்செஸ்டர் சிட்டியின் கோல் காவலர் டிராட்மன் கழுத்தெலும்பு முறிந்ததே தெரியாமல் ஆட்டத்தை முடித்தார். கேட்க வீரமாகத்தான் இருக்கிறது, ஆனால் நாளைக்கு விடிகாலையில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போக வேண்டிய பையன் நம்மிடம் விளையாடுகிறான். ஐஸ் பெட்டி, கட்டுத்துணி, தயாராக ஒரு கார், காரோட்ட ஒரு ஆள். அந்த ஆள் பியர் குடிக்கக் கூடாது.

சமன் ஆனால்? நேரே பினால்ட்டி. மறு ஆட்டம் என்ற பேச்சே வேண்டாம். 1971-இல் ஆல்வ்சர்ச், ஆக்ஸ்ஃபோர்டு சிட்டி என்று இரண்டு குழுக்கள் தகுதிச் சுற்றில் ஒரே மோதலை முடிக்க ஆறு ஆட்டம், மொத்தம் 11 மணி நேரம் ஆடினார்கள். கடைசியில் ஆல்வ்சர்ச் 1-0. இங்கிலாந்துக்காரர்கள் பழக்கத்தை விட மனசில்லாமல் இழுத்து இழுத்து, 2024-25 பருவத்தில்தான் முதல் சுற்றிலிருந்து மறு ஆட்டத்தை முழுக்க ஒழித்தார்கள். எழுவர் ஆட்டத்துக்குக் குழுவுக்கு மூன்று பினால்ட்டி போதும், அப்புறம் ஒன்றுக்கு ஒன்று. பினால்ட்டி அதிர்ஷ்டம் என்று முனகுகிறவர்களிடம் 2018 மலேசியக் கிண்ணத்தை ஞாபகப்படுத்துங்கள், நம் பேராக் 3-3 என்று சமன் செய்து பினால்ட்டியில்தான் திரெங்கானுவை வென்றது. கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்கிற பையனுக்கு ஆறுமுகத்தின் கதையைச் சொல்லலாம். நீண்ட கைகளுக்காக "ஸ்பைடர்மேன்" என்று நாடே கூப்பிட்ட தேசியக் குழுக் காவலர், 1988-இல் சாலை விபத்தில் போய்விட்டார். என் அப்பா தலைமுறைக்கு அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் ஒரு நிமிடம் பேச்சு நின்றுவிடும்.

கூட்டத்துக்குக் கயிறு கட்டுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நாங்கள் விட்டோம், இறுதியாட்டத்தில் கோட்டுக்கு உள்ளே சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1923-இல் வெம்ப்ளியில் நடந்த முதல் இறுதிக்கு அதிகாரபூர்வக் கணக்குப்படியே 126,047 பேர், உண்மையில் அதைவிட எவ்வளவோ அதிகம், திடலே தெரியாத அளவுக்குக் கூட்டம் உள்ளே இறங்கிவிட்டது. ஜார்ஜ் ஸ்கோரி என்ற போலீஸ்காரர் பில்லி என்ற குதிரையில் ஏறிச் சுற்றி வந்து கூட்டத்தைப் பின்னால் தள்ளினார், ஆட்டம் முக்கால் மணி நேரம் தாமதம். நமக்குக் குதிரை வேண்டாம். நைலான் கயிறு, எட்டு மூங்கில், குரல் பெரிய ஒரு அக்கா.

கிண்ணம் வாங்கக் கூச்சப்படாமல் கேளுங்கள். நம் நாட்டின் பெரிய கிண்ணமே அன்பளிப்பாக வந்ததுதான். 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பல் இங்கே வந்தபோது, அதன் மாலுமிகள் விளையாடிவிட்டு நன்றிக்காகக் கொடுத்தது, அதில் பிறந்ததுதான் மலாயாக் கிண்ணம். 1967-இல் அது மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறியபோது முதலில் தூக்கியது பேராக். முழுக்க நாக்-அவுட்டான மலேசிய எஃப்.ஏ. கிண்ணம் 1990-இல் ஆரம்பித்தது, அதிலும் முதல் பெயர் பேராக்தான். (இதை எழுதாமல் விட்டால் ஊருக்குள் நடமாட முடியாது.)

வாங்கிய கிண்ணத்தை வெற்றிபெற்ற குழுவிடம் வெறுங்கையெழுத்தில் விடாதீர்கள். முதல் எஃப்.ஏ. கிண்ணம் 20 பவுண்டு விலையில் செய்த சின்ன வெள்ளிக் கிண்ணம். 1895-இல் ஆஸ்டன் வில்லா வென்று, பர்மிங்காமில் ஷில்காக் என்பவரின் விளையாட்டுச் சாமான் கடை ஜன்னலில் பெருமைக்குக் காட்சிக்கு வைத்தார்கள். செப்டம்பர் மாதம் ஒரு ராத்திரி திருடு போனது, இன்று வரை கிடைக்கவில்லை. வில்லாவுக்கு 25 பவுண்டு அபராதம், அதை வைத்துப் புதுக் கிண்ணம் செய்தார்கள். நம் வழி இதுதான்: வென்ற குழு 100 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கட்டி ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம், அடுத்த போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் திருப்பித் தந்தால் பணம் வாபஸ், பெயர் பொறிக்கும் செலவு ஏற்பாட்டுக் குழுவுடையது. போன வருடக் கிண்ணம் இப்போது எங்கே என்று கேட்காதீர்கள். ஒரு குழுவிடம் மூடி, இன்னொரு குழுவிடம் அடிப்பாகம்.