கடற்கரைப் பக்கம் கார் வைத்திருந்தால்: சின்னத் துருவை வீட்டிலேயே எடுக்கும் முறை

சென்னை திருவான்மியூரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறேன். இந்தப் பக்கம் ஜன்னல் கம்பியே தாக்குப்பிடிக்காது, காரைக் கேட்கவே வேண்டாம். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, கதவின் அடிவிளிம்பு, டிக்கி ஓரம், இங்கெல்லாம்தான் துரு முதலில் தலைகாட்டும். நாணய அளவில் இருக்கும்போதே கை வைத்துவிட்டால் வேலை வீட்டோடு முடிந்துவிடும்.

முதலில் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். தகடு கெட்டியாக இருந்தால் தொடங்கலாம். முனை உள்ளே போனால் அது பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து மூடுகிற விஷயமில்லை. வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும், தகடு வேலை செய்யும் டிங்கரிடம் விட்டுவிடுங்கள். சேசிஸ், ஜாக்கி வைக்கிற இடம், சீட் பெல்ட் மாட்டிய இடம் என்றால் துரு சின்னதாக இருந்தாலும் அவரிடம்தான் போக வேண்டும்.

எந்த நாளில் செய்வது என்பது நம் ஊரில் ரொம்ப முக்கியம். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு, காலைப் பனி காய்ந்ததும் ஆரம்பித்து, கடல்காற்று எழும்புவதற்குள் பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) வரைக்கும் அடித்து முடித்துவிட வேண்டும். சுரண்டிய தகட்டை 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று ராத்திரி திறந்துபோட்டால், விடியும்போது அதன்மேல் காவி படர்ந்திருக்கும். பட்ட பாடெல்லாம் வீண்.

கழுவுகிற தண்ணீரையும் பாருங்கள். கோடையில் எங்கள் தெரு போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரைப் பலர் பிடித்து வைத்துக் கார் கழுவுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் குடிதண்ணீரில் இருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. அதில் பாத்ரூம் கழுவிக்கொள்ளுங்கள். காருக்கு மெட்ரோ தண்ணீர், அதாவது குழாயில் வரும் குடிநீர், ஒரு வாளி போதும்.

கழுவிக் காய்ந்ததும் கண்ணாடி, மாஸ்க், கையுறை மூன்றையும் போட்டுக்கொண்டு கம்பி பிரஷ்ஷால் உரியும் பெயின்டைத் தட்டி எடுங்கள். பிறகு 80 நம்பர் எமரி (உப்புத்தாள்). தெரிகிற துருவோடு நிற்காதீர்கள், பெயின்டுக்கு அடியில் அது ஓடியிருக்கும். சுற்றிலும் ஓர் அங்குலம் தள்ளியே தேயுங்கள். முதலில் காவிப் பொடி கொட்டும், அப்புறம் தகடு வெளுக்கும். அந்த வெளுப்பில் ஊசி குத்தியது மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் இன்னும் துரு இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை தேய்த்தாலும் போகாத புள்ளிகளுக்குத்தான் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் ரிமூவர். சின்ன பிரஷ்ஷால் தடவி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் விட்டு, ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து, ஹேர் டிரையரால் உடனே காயவையுங்கள். ஆசிட் மிச்சம் இருந்தால் பிரைமர் பிடிக்காது.

அடுத்து 180 நம்பர் எமரி, பிறகு 320. பெயின்டும் தகடும் சேரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டுங்கள். படி தட்டக் கூடாது. தட்டினால் பெயின்ட் காய்ந்த பிறகு அந்தக் கோடு அப்படியே எழுந்து நிற்கும்.

தின்னரால் ஒருமுறை துடைத்துவிட்டு எபாக்சி பிரைமர் அடியுங்கள். பள்ளம் இருந்தால், பிரைமர் காய்ந்த பிறகு அதன்மேல் பட்டியை மெல்லிசாக இழுங்கள். பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதனால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் போடாமல் உலர்வாகவே தேய்த்து, மேலே மறுபடி பிரைமர் கொடுங்கள். அவசரத்தில் துருவின் மேலேயே பட்டியை அப்பி விற்கும் பழைய கார்கள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவதில்லை.

பெயின்டின் கலர் நம்பர் வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும். ஆனால் பழைய வண்டியின் நிறம் வெயிலில் மங்கியிருக்கும். கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் சொன்னார்: "பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றிக்கிட்டு வாங்க சார், வெளிச்சத்துல வச்சுப் பார்த்துக் கலந்து தரேன்." அருமையான யோசனை. வெள்ளை மாதிரி சாதாக் கலர் பொருந்திப் போகும். மெட்டாலிக் என்றால் ஒட்டு கொஞ்சம் தெரியத்தான் செய்யும்.

பெயின்ட் அடிப்பதற்கு முன் பிரைமரை 600 நம்பர் எமரி போட்டு லேசாகத் தேயுங்கள். மாஸ்கிங் டேப்பை ஓரம் பின்னால் மடிந்திருக்கும்படி ஒட்டினால் கோடு விழாது. ஸ்ப்ரே கேனை 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, நகர்த்திக்கொண்டே மெல்லிசாக மூன்று கோட், நடுவே 10 நிமிடம். அப்புறம் நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட். ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் செய்பவர்கள் இ.பி. மீட்டர் பலகைப் பக்கம் அடிக்காதீர்கள், தின்னர் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். ஒரு வாரம் விட்டு 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசையால் மெருகேற்றுங்கள்.

கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் உண்டு. மண் அடைத்துத் தண்ணீர் தேங்கினால் கதவு உள்பக்கமிருந்தே துருவேறும். ஈர்க்குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், பெயின்ட் அடிக்கும்போது அவற்றை அடைத்துவிடாதீர்கள்.