ஸ்டியரிங் வீல் வாங்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

கார் ரேஸ் வீடியோ கேம் ஆட, கன்சோல் எனும் கேம் பெட்டிக்கு ஸ்டியரிங் வீல் வாங்கி ஏமாந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் வாங்கியது நல்ல வீலாகத்தான் இருக்கும். வீட்டில் இருக்கும் கன்சோலோடு அது ஒத்துப்போகாது, அவ்வளவுதான்.

லாஜிடெக் ஜி923 என்ற ஒரே பெயரில் இரண்டு வீல்கள் விற்கின்றன. ஒன்று பிளேஸ்டேஷன் (பிஎஸ்) கன்சோலுக்கு, இன்னொன்று எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்கு. பட்டன்களில் முக்கோணமும் சதுரமும் இருந்தால் முதல் வகை. ஏ, பி, எக்ஸ், ஒய் இருந்தால் இரண்டாவது. இரண்டுமே கம்ப்யூட்டரில் ஓடும் என்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். "பிசியில் ஓடுது சார், பிஎஸ்5லயும் ஓடும்" என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள். அப்டேட் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. அதே கம்பெனியின் ஜி29, ஜி920 ஜோடிக்கும் இதே கதைதான்: முன்னது பிளேஸ்டேஷன், பின்னது எக்ஸ்பாக்ஸ்.

ஃபனாடெக் கம்பெனி வீல் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதில் மோட்டார் இருக்கும் அடிப்பகுதி தனி, கையில் பிடிக்கும் வட்டம் தனி. பிளேஸ்டேஷனில் ஓடுவதற்கான அனுமதி அடிப்பகுதியில் இருக்கிறது, எக்ஸ்பாக்ஸில் ஓடுவதற்கான அனுமதியோ வட்டத்தில் இருக்கிறது. அதனால் பிளேஸ்டேஷன் அடிப்பகுதியில் எக்ஸ்பாக்ஸ் வட்டத்தை மாட்டினால் இரண்டு கன்சோலிலும் ஆடலாம். இது தெரியாமல் வட்டத்தை அழகு பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் நிறைய.

பழைய பொருள் வாங்குபவர்கள் தலைமுறையையும் பார்க்க வேண்டும். லாஜிடெக்கின் ஜி27 மலிவாகக் கிடைக்கும், உறுதியான பொருளும்கூட. ஆனால் அது பிஎஸ்3 காலத்து வீல். பிஎஸ்4, பிஎஸ்5 அதை ஏற்காது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு வந்த வீல்கள் அடுத்த தலைமுறையான சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டிலும் ஓடும், அதற்கும் பழைய எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்தவை ஓடாது.

சரி, இப்போது "எல்லா கன்சோலுக்கும் பொருந்தும்" என்று பெட்டியில் அச்சிட்டு வரும் மலிவு வீல்களுக்கு வருவோம். இவற்றில் பல, கன்சோலிடம் தன்னை ஒரு சாதாரண கன்ட்ரோலராகவே காட்டிக்கொள்கின்றன. அதற்காக உங்கள் ஒரிஜினல் கன்ட்ரோலரையும் ஒயரில் வீலோடு செருகச் சொல்லும். பிஎஸ்5-இல் ஆடும் பிஎஸ்5 கேம்கள் பிஎஸ்4 கன்ட்ரோலரை ஏற்பதில்லை. ஆகவே பிஎஸ்4 கன்ட்ரோலர் வேடம் போடும் வீலையும் ஏற்காது. கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் ரேஸ் கேமின் பிஎஸ்5 பதிப்பை ஆடத்தான் வாங்கினீர்கள் என்றால் காசு போச்சு.

மலிவு வீலில் இன்னொரு ஏமாற்றம், அதிர்வை ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்று நினைத்துக்கொள்வது. அதிர்வு என்பது செல்போன் உறுமுவதைப் போன்றது, திசை கிடையாது. ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில் மோட்டார் உங்கள் கையை எதிர்த்து வீலைத் திருப்பும். வேகமாக ஒரு வளைவுக்குள் போகும்போது வீல் கனமாக இருக்கும். நேராக வரத் துடிக்கும். முன் டயர் பிடியை இழக்கத் தொடங்கியதும் அந்தக் கனம் சட்டென்று குறையும். வண்டி வழுக்குவது திரையில் தெரிவதற்கு முன்பே விரல்களுக்குத் தெரிந்துவிடும். வீல் வாங்குவதே இந்த ஒரு நொடிக்காகத்தான். வெறும் அதிர்வும் ரப்பரோ ஸ்பிரிங்கோ இழுக்கும் மையமும்தான் கிடைக்கும் என்றால், கன்ட்ரோலரிலேயே ஆடலாம் என்பது என் கட்சி. சின்னப் பிள்ளைகள் மரியோ கார்ட் ஆடுவதற்கு என்றால் அது வேறு கணக்கு.

அதற்காக எதிர்ப்பக்கம் ஓடி, மோட்டாரின் திருப்பு விசையைச் சொல்லும் நியூட்டன் மீட்டர் எண்ணைத் துரத்தவும் வேண்டாம். ஜி29 சுமார் 2 நியூட்டன் மீட்டர் விசை தரும். மோட்டாரிலேயே வட்டத்தை நேராக மாட்டும் டைரக்ட் டிரைவ் வீல்கள் 5, 8, 11 என்று போகும். அந்த விசையைத் தாங்க மேசை வேண்டுமே! டீப்பாயில் 8 நியூட்டன் மீட்டரைப் பொருத்தினால் வீலுக்குப் பதில் டீப்பாய் திரும்பும். கண்ணாடி மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்குவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

தரையைப் பற்றி விமர்சனங்களில் யாரும் பேசுவதில்லை. ஜி29 பெடலின் அடியில் கார்ப்பெட்டைக் கவ்வும் பற்கள் இருக்கின்றன. நம் வீட்டு டைல்ஸில் அவை எதைக் கவ்வும்? பிரேக்கை அழுத்தினால் பெடல் முன்னே போகும், சக்கரம் வைத்த நாற்காலி பின்னே போகும். பெடலைச் சுவரோடு முட்டி வையுங்கள், இல்லையென்றால் ஒரு பலகையில் திருகிப் பலகையைச் சுவரில் முட்டுங்கள். நாற்காலி சக்கரம் இல்லாததாக இருக்கட்டும். பிரேக்கை எவ்வளவு தூரம் மிதித்தோம் என்பதைவிட எவ்வளவு அழுத்தினோம் என்பதை அளக்கும் லோட் செல் பெடல் வாங்கும் எண்ணம் இருந்தால், இந்த ஏற்பாடு முதலில் நடக்க வேண்டும்.

அப்புறம், ஒரு கம்பெனி வீலும் இன்னொரு கம்பெனி பெடலும் வாங்கிச் சேர்ப்பது. கம்ப்யூட்டரில் தனித்தனி யுஎஸ்பியில் செருகி ஆடலாம். கன்சோலில் பெடல், கியர், ஹேண்ட்பிரேக் எல்லாம் பொதுவாக வீலின் வழியாகத்தான் போயாக வேண்டும். நிஜக் காரைப் போலத் தண்டைப் பிடித்து மாற்றும் எச் வடிவ கியருக்கும் அவசரப்பட வேண்டாம். எஃப்1, ஜிடி3 பந்தயக் கார்களில் கியர் மாற்றுவது வீலுக்குப் பின்னால் இருக்கும் துடுப்புகளில்தான். பழைய கார்களை ஓட்டும் ஆசை வந்த பிறகு வாங்கினால் போதும். நீங்கள் ஆடும் கேம் வீலை ஏற்குமா என்பதையும் பாருங்கள். ஜிடிஏ 5-இல் கார் ஓட்டலாமே என்று வீல் வாங்கினால், கன்சோலில் அது ஏற்காது.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் மின்சாரம் கொடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜி29 போன்ற ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல், இணைத்ததும் தானாகவே இரு பக்கமும் சுழன்று நடுவுக்கு வர வேண்டும். ஜி29 என்றால் அதன் மேல் இருக்கும் பிஎஸ்3, பிஎஸ்4 சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பிஎஸ்5-க்கு அது 4-இல் இருக்க வேண்டும். தவறான பக்கம் இருந்ததால் "ரிப்பேர்" என்று விலை குறைத்து விற்கப்படும் வீலும் உண்டு, அதிர்ஷ்டம் உங்களுக்கு! பிறகு கேமின் செட்டிங்ஸில் பெடலை மெதுவாக அழுத்தி, கோடு சீராக ஏறுகிறதா, துள்ளுகிறதா என்று கவனியுங்கள். துள்ளினால் உள்ளே தூசி படிந்திருக்கலாம், தேய்ந்தும் போயிருக்கலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த வீல் என்றால், பிளக்கில் சொருகும் முன் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். அங்கே 120, இங்கே 230.